தர்மாஸ்பத்திரி முதல் வாசற்படி வரை

விடியற்காலையில் மதுரைக்குள் வருகிற பஸ் எதிலாவது ஏறிப் பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் யாராவது ஒருவர் மடியில் ஒயர்கூடை இருக்கும். கூடைக்குள் தூக்குவாளி, ஒரு டம்ளர், மடித்த போர்வை, பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய சீட்டுகள், எக்ஸ்ரே கவர். கோரிப்பாளையம் நெருங்கும்போது கண்டக்டர், "பெரியாஸ்பத்திரி எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று குரல் கொடுப்பார். கூடைகள் ஒவ்வொன்றாக எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகரும்.

பலகையில் இருக்கும் பெயர் அரசு ராஜாஜி மருத்துவமனை. 1940இல் இந்தக் கட்டடம் எழும்பியபோது அன்றைய மெட்ராஸ் கவர்னர் எர்ஸ்கின் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். வயதான மதுரைக்காரர்கள் சிலர் இன்னும் 'எர்ஸ்கின்' என்றுதான் சொல்வார்கள். சுற்றுவட்டக் கிராமங்களில் அரசு ஆஸ்பத்திரி எதுவானாலும் அதற்கு இன்னொரு பெயர் உண்டு: தர்மாஸ்பத்திரி.

மேலூர்ப் பக்கம் இருக்கும் என் அத்தையின் வாயில் இன்றுவரை வேறு பெயர் வந்ததில்லை. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் தர்மாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே ஒரு காலி சீசாவைக் கழுவி எடுத்துப்போக வேண்டும். கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து சிவப்பு மிக்சரை ஊற்றிக் கொடுப்பார். எத்தனை வேளை என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதத்தைச் சீசாவின் மேல் ஒட்டித் தருவார். காய்ச்சலுக்கும் அந்தச் சிவப்புத் தண்ணீர்தான், வயிற்று வலிக்கும் அதுதான் என்பார் அத்தை. எதற்கு, என்ன மருந்து என்று கேட்கத் தோன்றியதே இல்லையாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்பது அந்தத் தலைமுறையின் நியாயம்.

அந்தச் சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற மனுஷி, தன் பணத்தில் நடக்கிற ஆஸ்பத்திரியைப் போய் ஏன் தர்மம் என்கிறாள்? அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் பிறந்தபோது அது பெரும்பாலும் தர்மமாகத்தான் இருந்தது. பிறகு அது வேறொன்றாக மாறியது. மாறியதை யாரும் அவளிடம் வந்து சொல்லவில்லை.

தாழ்வாரம் இறக்கிய வீடு

பிரிட்டனுக்கு ஒரு தேதி இருக்கிறது. 1948 ஜூலை 5 அன்று அங்கே தேசிய சுகாதார சேவை தொடங்கியது. காலையில் கண் விழித்த குடிமகனுக்கு டாக்டர் கட்டணம் இல்லை. இலங்கையில் 1930களில் மலேரியா கொள்ளை கொண்டுபோன பிறகு கிராமங்களுக்குச் சிகிச்சை நிலையங்கள் பரவின; 1951இல் அரசு ஆஸ்பத்திரிக் கட்டணமும் போனது. நமக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. கையில் காசு வரும்போதெல்லாம் ஓட்டு வீட்டுக்குத் தாழ்வாரம் இறக்கிக் கட்டுவதுபோல் கட்டிக்கொண்டே வந்தது இது. சில இடத்தில் கூரை ஒழுகும். ஆனால் குடியிருக்க முடிகிற வீடு.

பெருமை பேசுகிறவர்கள் சோழர் காலத்திலிருந்து தொடங்குவார்கள். திருமுக்கூடல் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்தில் 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை நடந்ததைச் சொல்கிறது. வைத்தியர், சல்லியம் செய்பவர், மூலிகை கொண்டுவருபவர், பணிப்பெண்கள் என்று ஆள்கணக்கும் அதில் உண்டு. படிக்கும்போது மனம் நிறையும். ஆனால் அந்தப் படுக்கைகள் கோயில் பணியாளருக்கும் அங்கே வேதம் படித்த மாணவருக்குமானவை. ஏரிக்கரையில் களை பறித்தவள் காய்ச்சலில் விழுந்தால் எங்கே படுத்தாள் என்பது கல்லில் இல்லை.

மதுரையில் மேலை மருத்துவத்தை முதலில் விரிவாகக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்க மிஷன் டாக்டர்கள் முக்கியமானவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிராங்க் வான் ஆலன் என்ற மிஷன் டாக்டர் ஜமீன்களிடமும் தனவந்தர்களிடமும் நன்கொடை கேட்டுத் திரட்டி இங்கே ஆஸ்பத்திரி எழுப்பினார். அந்த உழைப்புக்குத் தலை வணங்கலாம். அது தர்மம்தான், தர்மத்தின் மிகச் சிறந்த வடிவம்.

தர்மத்தைத் தாண்டிய முதல் அடி 1939இல் விழுந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய மெட்ராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது. குடிநீர், சாக்கடை, கொள்ளைநோய், தாய்சேய் நலம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி யார் என்று எழுதிவைத்த சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவத்தையும் ஒரே துறையாகக் கலந்துவிட்டன. அப்படிக் கலந்தால் என்ன ஆகும்? ஆஸ்பத்திரி எப்போதும் கூவிக் கேட்கும். கொசு ஒழிப்புக்காரர் குரல் வெளியே வராது. பணமும் ஆளும் கூவுகிற பக்கம் போய்விடும். தமிழ்நாடு இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டது. இதைப் பற்றி மேடையில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நம் மாநிலத்தின் நலவாழ்வுக்கு இதைவிடப் பெரிய நிர்வாக முடிவு வேறில்லை என்பது என் எண்ணம்.

போர் (Bhore) என்ற அதிகாரியின் தலைமையில் 1943இல் அமைந்த சுகாதாரக் குழு 1946இல் தந்த அறிக்கை, கையில் காசில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்தது. ஆரம்பக் கட்டமாக 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும் என்றது. அந்தக் குழுவில் நம் ஏ. லட்சுமணசாமி முதலியார் இருந்தார். பிரசவ மருத்துவத்தில் பேர்பெற்றவர், 27 ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். சுதந்திர இந்தியாவில் அந்த வேலையைத் திரும்பப் பார்த்த அடுத்த பெரிய குழுவுக்கும் அவரே தலைவர். நாடு முழுவதற்கும் எழுதிய திட்டத்தில் பாதி, பணம் இல்லாமல் காகிதத்திலேயே நின்றது. மீதி, ஊர் ஊராக இறங்கியது.

மதுரைக்கு 1954இல் மருத்துவக் கல்லூரி வந்தது. சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் அரசு தொடங்கிய முதல் மருத்துவக் கல்லூரி இது. ராமநாதபுரம், திருநெல்வேலிப் பையன்கள் டாக்டராக சென்னைக்கு ரயிலேற வேண்டியிருந்த காலம் அத்தோடு முடியத் தொடங்கியது.

வீட்டுத் திண்ணையில் குணமான டி.பி.

இதற்கிடையே சென்னையில் நடந்த ஒரு சோதனை, உலகத்தின் மருத்துவப் பழக்கத்தையே மாற்றியது. மதுரைக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்ள ஒரு தனிக் காரணம் இருக்கிறது. காசநோய் வந்தால் ஊருக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் படுக்கவைக்க வேண்டும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. திருமங்கலம் சாலையில் தோப்பூருக்குப் பக்கத்தில் உள்ள ஆஸ்டின்பட்டி சானடோரியம் அந்த நம்பிக்கையின் வாரிசு. ஒரு வீட்டில் ஒருவரை அங்கே அனுப்பினால் அக்கம்பக்கத்தார் நடமாட்டமே குறைந்துவிடும்.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்து நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தது. மறு பாதியைக் குடிசையிலேயே விட்டு, அதே மாத்திரைகளைக் கொடுத்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு குணம். வீட்டில் இருந்தவரால் பிள்ளைகளுக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன.

சென்னைச் சேரிகளில் கிடைத்த அந்தப் பாடம் இதுதான்: மருந்து தவறாமல் கிடைத்தால் போதும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். அந்த மையத்தின் கிளை ஒன்று பின்னாளில் மதுரைக்கும் வந்து, இன்றும் நடக்கிறது.

நான் மதுரைச் சீமையின் மருத்துவ வரலாற்றைத் தூரத்தால் அளக்கத் தொடங்கியது இந்தக் கதையைப் படித்த பிறகு. கொட்டாம்பட்டியில் வலி கண்ட பெண்ணும், சேடபட்டியில் சர்க்கரை ஏறிய கிழவரும் எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது? அந்தத் தூரத்தை யார், எதைக் கொண்டு குறைத்தார்கள்?

கொட்டாம்பட்டியைச் சும்மா சொல்லவில்லை. 1980இல் உலக வங்கிக் கடனோடு தமிழ்நாடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் பரீட்சை பார்க்கப்பட்டது கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான். மாதா மாதம் குழந்தைகளைத் தராசுத் தொட்டிலில் வைத்து எடை போடுவார்கள். கோடு கீழே இறங்குகிற குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் கொடுப்பதா, தேவைப்படுகிறவருக்கு மட்டும் கொடுப்பதா என்ற பெரிய விவாதத்துக்கு, வானம் பார்த்த பூமியில் ஒரு தொட்டில் தராசு சாட்சியாக நின்றது. இரண்டு வருடத்தில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று அறிவித்தார். தமிழ்நாடு இரண்டு வழியையும் விடவில்லை.

அதே பத்தாண்டில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பெண் சிசுக்கொலைச் செய்திகள் நாட்டை உலுக்கின. ஆஸ்பத்திரிக் கட்டடத்தால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கர்ப்பம் தரித்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்து போகிற ஒரு பெண் வேண்டும். பிறந்தது எது, எடை என்ன, அடுத்த மாதம் குழந்தை எங்கே என்று கேட்கிறவள். அந்த வேலைதான் கிராம சுகாதார செவிலியருடையது. ஊரில் 'நர்ஸம்மா' என்றால் போதும். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் சுமார் 8,700 துணை நிலையங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நோட்டு, ஒரு ஸ்கூட்டி அல்லது பஸ் பாஸ், ஒரு தோள்பை.

1990களின் இறுதியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை ஷிப்ட் போட்டு உட்காரவைத்தார்கள். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் பிரசவ வலி ராத்திரி பார்த்துத்தானே வரும்? டாக்டர் வீட்டுக்குப் போன பிறகு பூட்டிக்கிடக்கிற கதவை எந்தப் பெண் நம்பி வருவாள்? வெளிச்சம் எரிந்தது, ஆள் இருந்தாள், பெண்கள் வந்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாயாக உயர்ந்தது, 2011இல் 12,000, 2018இல் 18,000. சமுதாய வளைகாப்பு நடத்தி, ஐந்து வகைச் சாதம் போட்டு, கையில் வளையல் அடுக்கி அனுப்பினார்கள். அரசாங்கம் தாய்வீட்டு வேலையைச் செய்கிறதே என்று கிராமத்துக் கிழவிகள் கன்னத்தில் கை வைத்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஆஸ்பத்திரிப் பிரசவம் 99.6 சதவீதம். 2018-20 கணக்கில் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள். நாட்டின் சராசரி 97. ஒவ்வொரு தாயின் சாவுக்கும் காரணம் கேட்டு விசாரணை வைக்கிற பழக்கம் அந்த எண்ணைக் கீழே இழுத்தது. லட்சத்துக்கு 54 என்பதும் ஒவ்வொன்றும் ஒரு வீடு.

விற்பனைக்கு அல்ல

நர்ஸம்மா இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். மாத்திரை இல்லாவிட்டால்? "வெளிய வாங்கிக்கங்க" என்று எழுதித் தருகிற சீட்டு, ஏழை வீட்டில் அண்டாவை அடகு வைக்கவைக்கும்.

1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அந்தச் சீட்டைக் குறைத்தது. அதன் முதல் நிர்வாக இயக்குநர் ஆர். பூர்ணலிங்கம். செய்தது எளிய வேலை. கறாராகச் செய்ததுதான் கடினம். மாநிலம் முழுக்கத் தேவையான அத்தியாவசிய மருந்துக்கு ஒரே பட்டியல், ஒரே டெண்டர், மூலப்பெயரில் கொள்முதல். மாவட்டந்தோறும் ஒரு கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு பாஸ்புக். உனக்கு இந்த ஆண்டு இவ்வளவு ரூபாய். உன் ஊர் நோய்க்கு ஏற்ப மருந்தை நீயே எடுத்துக்கொள். கிடங்குக்கு வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். மாத்திரை அட்டையிலேயே 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்தார்கள். திருடி விற்கிறவன் கை நடுங்க வேண்டும் என்பதற்காக.

கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இந்த வழியைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்தன. கொள்முதல், கிடங்கு, பாஸ்புக் என்றால் யாருக்கும் கண் கலங்காது. எனக்குக் கலங்கும். அத்தையின் காலி சீசாவுக்கும் இந்த அட்டைக்கும் நடுவில் இருக்கிற தூரம் தெரிந்தவர்களுக்குக் கலங்கத்தான் செய்யும்.

டாக்டரைக் கிராமத்தில் இருத்தியதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பட்ட மேற்படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்குத் தமிழ்நாடு ஒதுக்கிவைத்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் உழைத்தால் சிறப்பு மருத்துவர் ஆகலாம் என்ற நம்பிக்கை இளைஞர்களை உள்ளூருக்கு அனுப்பியது. இடையில் அகில இந்திய விதிகள் வந்து அது தடைப்பட்டது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம், இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு இட ஒதுக்கீட்டு வழக்கு, எழுமலையில் நைட் டியூட்டி டாக்டர் இருப்பாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

அரசுக்கு வெளியே மதுரை செய்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எர்ஸ்கின் ஆஸ்பத்திரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறையை வளர்த்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களோடு ஆயிரக்கணக்கில் கண்புரை அறுவைச் சிகிச்சை செய்தவர். 58 வயதில் ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கட்டுகிற கட்டணத்தில் இல்லாதவருக்கும் அதே அறுவைச் சிகிச்சை. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது 1992இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். அரசு முகாம்களில் கற்ற கண்டிப்பும் வேகமும் அந்த மருத்துவமனைக்குள் தொடர்ந்தன. எர்ஸ்கின் இல்லாமல் அரவிந்த் இல்லை.

அட்டையும் செங்கல்லும்

2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. வருமான வரம்பு இப்போது 1,20,000 ரூபாய். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்க்கப்பட்ட அருகிலுள்ள ஆஸ்பத்திரியில், வரம்புக்குள் இலவசமாக்கியது.

காப்பீட்டு அட்டையைத் தெய்வப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இதய அறுவைச் சிகிச்சைக்கு நிலத்தை விற்காமல் தப்பிய குடும்பங்களும் உண்டு. ஆனால் ஒரு கவலையைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அட்டை, நோய் முற்றிய பிறகு பேசத் தொடங்குகிறது. சர்க்கரையில் கால் அழுகினால் அறுவைச் சிகிச்சைக்கு அட்டை உண்டு. அந்தக் கால் அழுகாமலிருக்க மாதா மாதம் ஆகிற மாத்திரைக்கும் ரத்தச் சோதனைக்கும் அட்டை கிடையாது. தூரத்தைக் குறைக்க அறுபது ஆண்டு பாடுபட்ட ஏற்பாடு, பணம் போகிற வழியில் மறுபடி நகரத்து ஆபரேஷன் தியேட்டரை நோக்கிப் பயணம் வைக்கிறது. காப்பீட்டுக்குப் போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே நர்ஸம்மா இல்லாத துணை நிலையம் எத்தனை என்று சட்டமன்றத்தில் கேட்கிற குரல் பலமாக ஒலிக்க வேண்டும்.

தோப்பூர் எய்ம்ஸையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 2015 ஒன்றிய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு ஒன்று என்றார்கள். 2018இல் தோப்பூர் என்று முடிவானது. 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதன் பிறகு எதுவும் எழும்பவில்லை என்று காட்ட, 2021 தேர்தலில் ஒரு ஒற்றைச் செங்கல் மேடையேறியது. 2022இல் முதல் ஐம்பது மாணவர்கள் ராமநாதபுரத்தில் தற்காலிகமாக வகுப்புக்குப் போனார்கள். 2024இல்தான் கட்டுமானம் உண்மையாகத் தொடங்கியது. மதுரைக்கு இப்படி ஒரு நிறுவனம் வேண்டும். தென் மாவட்டங்களுக்கு அந்த உரிமை உண்டு. காத்திருந்த ஆண்டுகளுக்கு யாராவது பதில் சொல்லவும் வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பில் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் மூன்றுக்கும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன என்பதை நாம் பேசவே இல்லை. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்த கூட்டத்தில் ஒரு பகுதி தன் மாவட்டத்திலேயே படுக்கை கண்டது அதனால்தான்.

குறைகளை மூட வேண்டியதில்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரெச்சர் தள்ளக் கை நீட்டுகிறவர் உண்டு. கழிப்பறைக்குள் போக முடியாமல் திரும்பும் கர்ப்பிணிகள் உண்டு. நோயாளியை ஒருமையில் விரட்டுகிற குரல் உண்டு. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் மறுபடி அதே சொல்லில் வந்து முட்டுகிறேன். கொடுப்பவன் தர்மம் என்று நினைத்தால் அதட்டுவான். வாங்குபவள் தர்மம் என்று நினைத்தால் பொறுத்துப்போவாள்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருது கிடைத்தது. 1959இல் சென்னைக் குடிசைகள் நிரூபித்ததை வேறு நோய்க்கு, வேறு அளவில் செய்கிற வேலை இது. அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை. சம்பளம் என்று அதற்கு இன்னும் பெயர் வரவில்லை. மழையிலும் வெயிலிலும் தெருத் தெருவாக நடப்பவர்களைப் பணியாளர் என்று அழைக்கக் கூச்சப்படுகிற அரசு, விருதைக் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்கிறது.

போன மாதம் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் வந்தாள். அதே ஊர்க்காரிதான், அத்தைக்கு ஏதோ ஒரு முறையில் பேத்தி. கையில் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்துவிட்டு, "நூத்தம்பது இருக்கு அப்பத்தா, ஊறுகாயக் கொஞ்சம் நிறுத்து" என்றாள். நோட்டில் எழுதினாள். இரண்டு அட்டை மாத்திரையை எண்ணி வைத்தாள். அத்தை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன மாசம் வெள்ளை. இது ஏன் மஞ்சளா இருக்கு?"

"அதே மாத்திரதான் அப்பத்தா, கம்பெனி வேற."

"எதுக்கும் உங்க டாக்டரம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லு. அப்பறம் போடுறேன்."

பேத்தி சிரித்துக்கொண்டே போனை எடுத்தாள். முந்தானையில் அட்டையை முடிந்துகொண்ட அத்தை, அவள் பேசி முடிக்கும்வரை வாசற்படியை விட்டு நகரவில்லை. "அடுத்த மாசம் இருபதாந்தேதிக்கெல்லாம் தீந்துரும்த்தா. போன தடவ மாதிரி நாலு நாள் லேட்டாக்கிராத."